நிஜ அளவுக் குதிரைச் சிலைக்கு வண்ணம் தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே அச்சில் வார்த்த வெள்ளைக் குதிரைகள். ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஓவியர் தீட்டுவார். சில மாதம் தெருவிலும் பூங்காவிலும் நிற்கும். பிறகு ஏலத்துக்குப் போகும். வருகிற பணம் ஒரு தொண்டுக்குச் சேரும். இப்படி ஒரு திட்டத்தில் முதல்முறையாகச் சேர்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இதுவரை நான்கு குதிரைகள் தீட்டியிருக்கிறேன். முதல் குதிரையை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அது சொல்லிக்கொடுத்ததுதான்.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது?

1986-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் சிங்கச் சிலைகளோடு தொடங்கியது; பேர் வாங்கியது மாட்டில். 1998-இல் அதே நகரத் தெருக்களில் வண்ணம் தீட்டிய மாட்டுச் சிலைகளை நிறுத்தினார்கள். அதைப் பார்த்து அடுத்த ஆண்டே, 1999-இல், அமெரிக்காவின் சிகாகோவில் முந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகள் நின்றன. அங்கே கடைசியில் ஏலம் விட்டு, பணத்தைத் தொண்டுகளுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் தனக்குப் பொருத்தமான விலங்கைத் தேர்ந்துகொண்டது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் பந்தயக் குதிரை வளர்ப்புக்குப் பேர்போன ஊர். அது 2000-இல் குதிரைகளை நிறுத்தியது. பெரும்பாலும் ஒரு ஸ்பான்சர் வெறும் சிலைக்கும் ஓவியரின் செலவுக்கும் பணம் தருவார். ஏலத்தில் வருவது தொண்டுக்கு. ஊருக்கு ஊர் ஏற்பாடு மாறும் என்பதால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள்.

நிஜ அளவு என்றால் எவ்வளவு?

நினைத்ததைவிடப் பெரிது. குதிரையின் உயரத்தைத் தலையில் அளப்பதில்லை; பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற தோள்மேட்டில் அளப்பார்கள். அதற்கான அலகு ‘கை’. ஒரு கை என்பது நான்கு அங்குலம். 15 கை உயரக் குதிரை என்றால் தோள்மேடு சுமார் 152 சென்டிமீட்டர். தலையை நிமிர்த்தி நிற்கிற சிலையானால் காது நுனி இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும்.

அதனால் சிலை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை கதவை அளப்பது. சிரிக்காதீர்கள். என் முதல் குதிரை மூன்று நாள் வாசலிலேயே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. கதவகலம் போதும்தான், ஆனால் உள்ளே திரும்ப இடமில்லை. சிலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் இடம் வேண்டும். நீங்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து பார்க்கப்போகிறீர்கள், அதற்கு இன்னும் கூடுதலாக.

எப்படிப்பட்ட வடிவம் எடுபடும்?

இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தேர்வுக்கு வருகிற வரைபடங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை: குதிரையின் விலாவை ஒரு கேன்வாஸாக நினைத்து அதில் ஒரு படம் வரைந்திருப்பார்கள். பக்கவாட்டில் ஒரு மலைக்காட்சி, மறுபக்கம் ஒரு கடல்காட்சி, நடுவில் கால்களுக்கும் கழுத்துக்கும் ஏதோ ஒரு நீலம். தாளில் அழகாக இருக்கும். சிலையில் போட்டால் போஸ்டர் ஒட்டிய குதிரை மாதிரி ஆகிவிடும்.

குதிரைக்கு மார்பு இருக்கிறது, பிட்டம் இருக்கிறது, நான்கு கால்கள் இருக்கின்றன. நடந்து வருகிறவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மார்பையோ பின்புறத்தையோதான், பக்கவாட்டை அல்ல. ஆகவே முதலில் சிலையின் ஓட்டத்தைப் பாருங்கள். கழுத்து வளைந்து தோளில் இறங்குகிறது. தோளிலிருந்து ஒரு கோடு வயிற்றின் அடிவழியாகத் தொடைக்குப் போகிறது. தொடை சட்டென்று குறுகிக் காலாகிறது. நீர், கொடி, காற்று, இறகு, துணி மடிப்பு என்று ஓடுகிற விஷயங்கள் இந்தக் கோடுகளில் தானாகப் பொருந்தும். கட்டடங்கள், எழுத்துகள், முகங்கள் பொருந்தாது. முகம் வரைந்தே ஆக வேண்டும் என்றால் வளைவு குறைவான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வயிற்றின் உப்பலில் வரைந்த முகம் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வீங்கித் தெரியும்.

இன்னொன்று. தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டே வந்தால் வேறொரு படம் என்று இரண்டு அடுக்காக யோசியுங்கள். சாலையின் மறுபக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய நிறப்பரப்புகள் மட்டுமே தெரியும். கிட்டே வந்து நிற்கிறவருக்கு ஏதாவது கண்டுபிடிக்கக் கிடைக்க வேண்டும். ஒரு சின்னப் பூச்சியை முன்காலின் உள்பக்கம், ஒரு குழந்தையின் கண் உயரத்தில் வரைந்து வையுங்கள். பெரியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். குழந்தைகள் ஒருத்தர் விடாமல் கண்டுபிடிப்பார்கள்.

விண்ணப்ப வரைபடத்தை எப்படித் தருவது?

திட்டக்காரர்கள் குதிரையின் கோட்டுருவம் ஒன்று தருவார்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். நீங்கள் இரு பக்கமும், முன்னும் பின்னும் என்று நான்கு கோணமும் வரைந்து கொடுங்கள். அப்படிச் செய்கிறவர்கள் குறைவு என்பதாலேயே அது கண்ணில் படும். எந்த அமைப்பின் சின்னத்தையும், அடையாளம் தெரிகிற கார்ட்டூன் பாத்திரத்தையும் சேர்க்காதீர்கள். பதிப்புரிமைச் சிக்கல் வந்தால் சிலையை ஏலத்தில் வைக்கவே முடியாமல் போகும்.

சிலை வந்தவுடன் வரையத் தொடங்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இந்தச் சிலைகள் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் சிலை கழன்று வருவதற்காக அச்சுக்குள் மெழுகு தடவுவார்கள். அந்த மெழுகு சிலையின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதன்மேல் பூசுகிற பெயிண்ட் முதலில் நன்றாகவே நிற்கும். பிறகு ஒருநாள் மாஸ்கிங் டேப்பை உரிப்பீர்கள். அதோடு கையகலத்துக்குப் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வரும். என் முதல் குதிரையில் கழுத்து முழுவதும் இப்படி வந்தது. பன்னிரண்டு நாள் வேலை.

வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அடுத்து, மெழுகு நீக்குகிற கரைப்பானைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் மெழுகை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பூசுவதுதான் நடக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் உப்புத்தாள். அவசரப்பட்டு முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 220 முதல் 320 வரை எண்ணுள்ள உப்புத்தாள் போதும். பளபளப்பு போய் மொத்தச் சிலையும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரிய வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. ஃபைபர் தூசி தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும்.

மெழுகு போய்விட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சிலையின் மேல் தண்ணீரைத் தெளியுங்கள். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சரி.

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் முதுகு நெடுகிலும் வயிற்றடியிலும் ஒரு தழும்பு ஓடும். அதை இப்போதே பட்டி வைத்துத் தேய்த்துவிடுங்கள். பெயிண்ட் அதை மறைக்கும் என்று நம்பாதீர்கள், எடுத்துக்காட்டத்தான் செய்யும்.

எந்த பிரைமர்?

பிரைமர் என்பது பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற அடிப்பூச்சு. இரண்டு பொருளைக் கலந்து பூசுகிற எபாக்சி பிரைமர் நன்றாகப் பிடிக்கும். அது கையாளக் கடினமாகத் தோன்றினால் வழவழப்பான பரப்புகளில் பிடிப்பதற்கென்றே வருகிற பிரைமர் வாங்குங்கள். கேன்வாஸுக்குப் பூசுகிற ஜெஸ்ஸோவை ஃபைபர் கிளாஸ் மேல் நேராகப் பூசாதீர்கள். அது உறிஞ்சுகிற பரப்புக்கானது. பிரைமர் முழுதாக இறுகிய பிறகு வயிற்றடியில், யாரும் பார்க்காத இடத்தில், பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்துப் பாருங்கள். கட்டங்கள் அப்படியே இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

படத்தைச் சிலைக்கு எப்படி மாற்றுவது?

புரொஜெக்டர் வேண்டாம். தட்டைச் சுவருக்கு அது சரி. குதிரையின் வளைவில் படம் இழுபட்டுப் போகும். நான் செய்வது இது: பிரைமர் பூசிய சிலையை நான்கு பக்கமும் தூரத்திலிருந்து படமெடுத்து, அந்தப் படத்தின் மேலேயே வரைந்துகொள்வேன். பிறகு சிலையில் மூட்டு, தோள்மேடு, தாடைக்கோடு மாதிரியான இடங்களை அடையாளமாக வைத்து, தண்ணீரில் அழிகிற வண்ணப் பென்சிலால் நேராக வரைந்துவிடுவேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வர வேண்டிய உருவம் என்றால் காகிதத்தில் வெட்டி, திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: மார்க்கர் பேனாவால் கோடு போடாதீர்கள். மேலே பூசுகிற பெயிண்டையும் தாண்டி மை கசிந்து வரும். கடைசிப் பூச்சு பூசும்போது ஊதா நிறத்தில் எட்டிப்பார்க்கும்.

எந்த பெயிண்ட் வெயிலைத் தாங்கும்?

வெளியில் நிற்கிற சிலைக்கு நல்ல தரமான அக்ரிலிக்தான் பலரும் போவது. வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனைப் பெரிய பரப்புகளுக்கும், ஓவியர்களுக்கான அக்ரிலிக்கை நுணுக்கங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வெயிலைத் தாங்குவதும் தாங்காததும் பெயிண்டின் பிராண்டைவிட அதிலுள்ள நிறமியைப் பொறுத்தது. ஓவியர் அக்ரிலிக் டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். நிறமிக் குறியீடும், பெரும்பாலும் ஒளித்தாங்கும் தரமும் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு தரங்களை (I, II) தாண்டிப் போகாதீர்கள். இரும்பு ஆக்சைடு காவிகளும் மஞ்சள்களும் பாறை மாதிரி; அவை மங்காது. டைட்டானியம் வெள்ளை, பிபி 15 என்ற குறியீடுள்ள தாலோ நீலம், பிஜி 7 என்ற தாலோ பச்சை எல்லாம் நம்பகமானவை. சிவப்பு, இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் குவினாக்ரிடோன் வகைக்குப் போங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83) வெயிலில் வெளிறும். கேட்மியம் மஞ்சள் வீட்டுக்குள் அருமையானது, வெளியில் ஈரமும் வெயிலும் சேர்ந்தால் வெளிறிப்போகும். ஃப்ளோரசன்ட் நிறங்களைத் தொடவே தொடாதீர்கள். என் இரண்டாவது குதிரையின் பிடரி பளீரென்ற ஃப்ளோரசன்ட் இளஞ்சிவப்பு. ஏலத்துக்கு முந்தைய வாரம் போய்ப் பார்த்தால் அழுக்கான வெள்ளை. மொத்தப் பிடரியையும் மறுபடி பூசினேன்.

அடர்ந்த கறுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் நிற்கிற கறுப்புக் குதிரை கைவைக்க முடியாத அளவு சுடும். குழந்தைகள் தொடுகிற இடமென்றால் யோசியுங்கள்.

எவ்வளவு பெயிண்ட் வாங்க வேண்டும்?

500 கிலோ எடையுள்ள உயிர்க்குதிரையின் உடல்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். சிலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சில் சுமார் 10 சதுர மீட்டர் போகும். அப்படியென்றால் அடிநிறத்தை இரண்டு பூச்சு பூச ஒரு லிட்டர் போதும். எல்லாரும் இதைவிட நாலு மடங்கு வாங்கிவிடுகிறார்கள். கலந்து உண்டாக்கிய நிறத்தை மட்டும் கூடுதலாகக் கலந்து, மூடி போட்ட டப்பாவில் பெயரெழுதி வையுங்கள். பின்னால் டச்-அப் செய்யும்போது அதே நிறத்தை மறுபடி கலக்க முடியாது.

வெயிலிலும் குளிரிலும் பூசலாமா?

நேர் வெயிலில் பூசினால் தூரிகை நகர்வதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலான அக்ரிலிக் சரியாகப் படலமாகாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் உள்ளே இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல. முதலாவது அரைமணி நேரத்தில் நடக்கும். இரண்டாவதற்கு நாட்கணக்கில் ஆகும்.

கடைசிப் பூச்சு எது?

இதில் இரண்டு பாதை. ஒன்று, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற நீர்சார்ந்த தெளிவான வார்னிஷை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக நீங்களே பூசுவது. இன்னொன்று, காருக்கு அடிக்கிற இரு பொருள் பாலியூரித்தேன் கிளியர் கோட். இரண்டாவது பல மடங்கு உறுதியானது. மேலே யாராவது கிறுக்கினாலும் பெரும்பாலும் துடைத்தெடுக்கலாம். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடல் அதற்கு எதிர்வினை காட்டத் தொடங்கினால் பிறகு மிகச் சிறிய அளவும் ஆகாது. சாதாரணத் தூசி முகமூடி இதற்குப் பயனில்லை. ஆகவே அதை வீட்டில் அடிக்காதீர்கள். காருக்கு பெயிண்ட் அடிக்கிற, முறையான ஸ்ப்ரே அறை உள்ள இடத்துக்குக் குதிரையைக் கொண்டுபோங்கள். குதிரை வந்து நிற்பதை அங்குள்ளவர்கள் ரசிப்பார்கள் என்பது என் அனுபவம்.

எதுவானாலும், நீங்கள் பயன்படுத்திய அதே பெயிண்டை ஒரு பிரைமர் பூசிய துண்டில் பூசி, அதன்மேல் சோதித்துப் பாருங்கள். சில கரைப்பான்கள் அக்ரிலிக்கைச் சுருக்கிவிடும். ஈரமான இரவில் வார்னிஷ் அடித்தால் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகலாம். சிலையின் பரப்பு வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் உள்ள கணக்கு. வேறுவிதமாகச் சொன்னால், புல்லில் பனி இறங்குகிற நேரத்தில் தொடாதீர்கள்.

பளபளப்பா, மங்கலா? பளபளப்பு நிறத்தை ஆழமாக்கும், துடைக்கவும் எளிது. ஆனால் சிலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். எனக்கு நடுவிலுள்ள சாட்டின் பிடிக்கும்.

கண்ணாடித் துண்டு, மணி, உலோகம் ஒட்டலாமா?

அனுமதி கேட்டுவிட்டு ஒட்டலாம். மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கையைக் கிழிக்குமா, சட்டை மாட்டுமா, யாராவது பிடித்து இழுத்தால் வருமா? மூன்றாவது கேள்விக்கு விடை எப்போதும் ‘இழுப்பார்கள்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூடான பசைத் துப்பாக்கியின் பசை வெயிலில் இளகிவிடும். எபாக்சி பசை போடுங்கள், அதுவும் பெயிண்ட் மேல் அல்ல. பெயிண்டைச் சுரண்டி எடுத்த இடத்தில். மொசைக் செய்தால் சிலையின் எடை கூடும், கால்கள் அதைத் தாங்க வேண்டும். துளை போடுவதாக இருந்தால் முதலில் திட்டக்காரர்களிடம் கேளுங்கள். உள்ளே இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வயிற்றுக்கு அடியிலும் தீட்ட வேண்டுமா?

ஆம். மூன்று வயதுக்காரர்கள் அங்கிருந்துதான் பார்க்கிறார்கள்.

கண்ணை எப்படி வரைவது?

பலர் கண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்வார்கள்; நான் முதலில் செய்துவிடுவேன். கண் வந்த பிறகு குதிரை நம்மைப் பார்க்கத் தொடங்குகிறது, பிறகு அலட்சியமாகப் பூச மனம் வராது. குதிரையின் பாவை மனிதருக்கு உள்ளதுபோல் வட்டமல்ல, கிடைமட்டமாக நீண்டது. கண்ணின் வெள்ளைப் பகுதி சாதாரணமாக அதிகம் தெரியாது. வெள்ளையைப் பெரிதாகத் தீட்டினால் குதிரை மிரண்டதுபோல் இருக்கும். ஒளிப்புள்ளியை இரு கண்ணிலும் மேல்பக்கம் வையுங்கள், வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது.

மாணவர்களோடு சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. ஆனால் கழுவுவது, தேய்ப்பது, பிரைமர், வார்னிஷ் எல்லாம் பெரியவர்கள் வேலை. நடுவில் உள்ள பூச்சு மட்டும் பிள்ளைகளுடையது. ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் சிலையைச் சுற்றி நிற்க முடியாது என்பதால் முறைவைத்து விடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லை கொடுத்து, அதற்குள் அவர்கள் விருப்பம்போலச் செய்ய விட்டுவிடுங்கள். முடித்த பிறகு ‘திருத்த’ வேண்டாம். தாங்கள் வரைந்தது எங்கே என்று பிள்ளைகள் ஏலம்வரை தேடிக்கொண்டிருப்பார்கள்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

மாலை நேரங்களிலும் விடுமுறையிலும் மட்டும் செய்கிறவர் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தயார் செய்வதற்கு ஒரு வாரம், கடைசிப் பூச்சும் அது இறுகுவதும் இரண்டு வாரம். இந்த மூன்று வாரத்தைத்தான் எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

எடுத்துச் செல்வது யார் பொறுப்பு?

பெரும்பாலும் திட்டக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். ஆனாலும் பக்கத்தில் நில்லுங்கள். காதும் வாலும்தான் முதலில் உடையும். அடிப்பீடத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், காலைப் பிடித்து அல்ல. பட்டையைக் கட்டும் இடங்களில் மெத்தென்ற போர்வை வையுங்கள். குமிழ் பிளாஸ்டிக்கைப் புதுப் பெயிண்டின் மேல் நேராகச் சுற்றினால், பிரிக்கும்போது உடம்பு முழுக்க வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். அம்மை போட்ட குதிரையை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அது என்னுடையது அல்ல.

யாராவது சேதப்படுத்தினால்?

ஏறி உட்காருவார்கள். அதைச் சேதம் என்று நினைக்காதீர்கள். குதிரை என்றால் ஏறத்தான் தோன்றும். முதுகில் பூச்சு தேய்வது இயல்பு, அதனால் நுணுக்கமான வேலையை முதுகில் வைக்காதீர்கள். கீறலுக்கும் கிறுக்கலுக்கும், முன்பு சொன்ன டப்பாக்களை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பராமரிப்பு யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வரைந்தவருக்கு என்ன உரிமை?

சிலை வாங்கியவருடையது. படத்தின் பதிப்புரிமை, நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை, பொதுவாக உங்களுடையதாகவே இருக்கும். இதைத் தவிர, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 6-பிஸ் (6bis) பிரிவு படைப்பாளிக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையையும், தன் பேருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி: குதிரையின் படத்தை நாட்காட்டியிலும் சின்னப் பொம்மைகளிலும் அச்சிட்டு விற்கும் உரிமை யாருக்கு? நல்ல காரியத்துக்கு என்று அதை விட்டுக்கொடுக்கலாம், தவறில்லை. தெரிந்து விட்டுக்கொடுங்கள், அவ்வளவுதான். பீடத்தில் உங்கள் பெயர் வருமா என்றும் கேளுங்கள். அத்தோடு, சிலையிலும் எங்காவது கையெழுத்துப் போட்டுவிடுங்கள். குளம்புக்கு மேல், பின்காலில். பீடம் மாறும், கால் மாறாது.

ஏலத்தில் என் குதிரை குறைவாகப் போனால்?

போகும். ஏல விலை ஓவியத்தை மட்டும் பார்த்து வருவதல்ல. அன்று அந்த அறையில் அந்தக் குதிரை வேண்டுமென்று இரண்டு பேர் இருந்தார்களா என்பதைப் பொறுத்தது. ஒரே ஆள் இருந்தால் அடிமட்ட விலைக்கே முடிந்துவிடும். வீட்டுத் தோட்டத்தில் வைக்க நினைக்கிறவர் அமைதியான நிறங்களைத் தேடுவார், கடை வாசலில் வைக்கிறவர் பளிச்சென்று இருப்பதைத் தேடுவார். என் மூன்றாவது குதிரைதான் இருப்பதிலேயே நல்லது என்று இன்றும் சொல்வேன். அன்று மிகக் குறைந்த விலைக்குப் போனது அதுதான். ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காக ஒருவர் வாங்கினார். போன வருடம் போய்ப் பார்த்தேன். காத்திருக்கும் அறையில் நிற்கிறது. முன்காலின் உள்பக்கம் நான் வரைந்த வண்டு இருந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெளுத்திருந்தது. டப்பாவைத் தேடிக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.